பழைய பேஸ் கிட்டார் ஒரிஜினல்தானா? ஆன்லைனில் வாங்கும்முன் வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சர்ச்சிலும் மெல்லிசைக் குழுவிலும் பேஸ் வாசிப்பவர்கள் புது கிட்டார் வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவார்கள். பழைய கிட்டாருக்கு ஃபோன்தான் கடை. ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வெளிநாட்டு ரிவெர்ப், ஈபே என்று எங்கிருந்தோ ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். கூடவே "இது ஒரிஜினலா?" என்று ஒரு கேள்வியும் வரும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி செய்யும் பிரசிஷன் பேஸ், ஜாஸ் பேஸ் என்ற இரண்டு மாடல்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அவைதான்.

1. ஒரிஜினல்னா ஃபெண்டர் கம்பெனி செஞ்சதுன்னுதானே அர்த்தம்?

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கம்பெனி நிஜமா? சொல்லும் வருடம் நிஜமா? கம்பெனியை விட்டு வந்த நாளில் இருந்த பாகங்களே இன்றும் இருக்கின்றனவா? விற்பவர் முதல் கேள்விக்கு மட்டும் "ஆமா" என்கிறார். வாங்குபவர் காதில் அது மூன்றுக்கும் சேர்த்து விழுகிறது. பின்னால் வரும் தகராறெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

ஆகவே மொத்த கிட்டாரைப் பற்றி ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். பாடி, நெக் (கைபிடிக்கும் கழுத்து), பெயின்ட், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), கன்ட்ரோல் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருப்பது), பிரிட்ஜ் (பாடியில் கம்பியைத் தாங்கும் இரும்பு), கீ (கம்பியை முடுக்கும் திருகு), பிக்கார்டு (பாடியின் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு) என்று தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஃபோட்டோ வாங்குங்கள். ஐம்பது அறுபது வருடம் மேடை ஏறிய கருவியில் ஒன்றிரண்டு மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2. சீரியல் நம்பர் இருக்கு சார். அதை நெட்ல போட்டா வருஷம் வந்துடாதா?

வரும், ஆனால் அது அந்தத் தகட்டின் வருடம். 1950-களின் நடுவிலிருந்து 1976 வரை ஃபெண்டரின் நம்பர், நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் பின்பக்கம் இருக்கும் இரும்புத் தகட்டில்தான் இருந்தது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்தத் தகடு வேறு கிட்டாருக்குப் போய்விடும். பழைய தகடுகளைத் தனியாக விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கம்பெனியிலும் தகடுகளை வரிசைப்படி மாட்டவில்லை, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். 'எல்' எழுத்தில் தொடங்கும் நம்பர் ஏறக்குறைய 1962 கடைசி முதல் 1965 வரை. பெரிய 'எஃப்' பொறித்த தகடு 1965 முதல் 1976 வரை. அதற்குப் பிறகு நம்பர் நெக்கின் தலைப்பகுதிக்குப் போனது. 'எஸ்7' என்றால் 1977, 'எஸ்8' என்றால் 1978, ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். சீரியல் நம்பரைக் கடைசியாகப் பாருங்கள். மற்றதெல்லாம் சொன்ன வருடத்தோடு நம்பரும் ஒத்துப் போகிறதா என்று சரிபார்க்கத்தான் அது உதவும்.

3. அப்போ முதல்ல இன்னாதான் பாக்கறது?

யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்து விட்டுவைத்த இடங்களை. நெக்கின் அடி, நெக் உட்காரும் பள்ளம், பிக்கார்டுக்குக் கீழே இருக்கும் மரம், கன்ட்ரோலின் முதுகு, பிக்கப்பின் அடிப்பக்கம். விளம்பரத்தில் சோபாமேல் சாய்த்து வைத்து எடுத்த படங்கள் நிறைய இருக்கும், இந்த ஐந்தும் இருக்காது.

விற்பவரிடம் இவற்றைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தலைப்பகுதி முன்னும் பின்னும், பிரிட்ஜ் கிட்டத்தில் ஒன்று, ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதி, அதைக் கிட்டாரின்மேல் வைத்து ஒரு படம் கேளுங்கள். அடுத்தவர் விளம்பரப் படத்தைத் திருடிப் போட்டவர் இந்த இடத்தில் காணாமல் போய்விடுவார். "ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அட்வான்ஸ் போடுங்க" என்பவரிடம் இதுகூடக் கேட்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

4. நெக்கைக் கழட்டச் சொன்னா விக்கிறவர் கோவப்படறாரே?

பாதிப் பேருக்குக் கோபமில்லை, பயம். கழற்றினால் உடைந்துவிடுமோ என்று. முறையைச் சொல்லிக் கொடுத்தால் செய்துவிடுவார்கள். முதலில் நாலு கம்பியையும் முழுவதும் தளர்த்த வேண்டும். கம்பி இழுத்துப் பிடித்திருக்கும்போது ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. மெத்தைமேல் துண்டு விரித்துக் கிட்டாரைக் குப்புற வைத்து, 2 நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிறகு நெக்கை நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் பள்ளத்தின் ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்து வரும்.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். 'டக்' என்று பழைய மரையில் விழும். அங்கிருந்து வலப்பக்கம் முடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராக முடுக்கினால் மரத்தில் புது மரை வெட்டி ஓட்டை தளர்ந்துவிடும்.

இதற்கும் மாட்டேன் என்றால் கன்ட்ரோலையாவது காட்டச் சொல்லுங்கள். ஜாஸ் பேஸில் குமிழ்கள் இருக்கும் இரும்புத் தட்டைக் கழற்றினால் போதும். பிரசிஷனில் பிக்கார்டையே தூக்க வேண்டும், ஆனால் எல்லாமே சின்ன ஸ்க்ரூ. அதையும் மறுத்தால், உள்ளே எல்லாம் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற விலையைச் சொல்லுங்கள்.

5. நெக் அடியில "7 மார் 64 ஏ"ன்னு முத்திரை இருக்கு. மார்ச் 7-ஆம் தேதி செஞ்சதா?

மார்ச், 1964 சரி. அந்த 7 தேதி அல்ல, ஜாஸ் பேஸ் நெக்குக்கான குறி. பிரசிஷனுக்கு 5. கடைசி எழுத்து, கம்பி ஏறும் நட் இருக்கும் இடத்தில் நெக்கின் அகலம்: 'ஏ' என்றால் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ.; 'பி' 41 மி.மீ.; 'சி' 44.5 மி.மீ. ஜாஸுக்கு 'ஏ' வழக்கம், பிரசிஷனுக்கு அந்தக் காலத்தில் 'சி' வழக்கம். முத்திரையில் 'ஏ' இருந்து, அளந்தால் 44 வந்தால் அந்த முத்திரை அங்கே பிறந்ததில்லை. 1962-க்கு முன் முத்திரை கிடையாது, பென்சிலில் மாதமும் வருடமும் எழுதினார்கள்.

இது நெக் தயாரான காலம். கிட்டார் முழுதாகச் சேர்ந்தது சில வாரமோ சில மாதமோ கழித்து. போலி முத்திரைகளும் புழங்குகின்றன. மையை விட மரத்தைப் பாருங்கள்: அறுபது வருட மேப்பிள் தேன் நிறத்துக்குப் போயிருக்கும், ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி அழுத்தத் தடம் இருக்கும். மரம் வெளுத்து, உப்புத்தாள் போட்ட கோடுகளோடு இருந்து, அதன்மேல் கறுகறுவென்று எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். 1970-களின் நடுவில் தேதியே போடாமல் வந்த நெக்குகளும் உண்டு, ஆகவே அந்தக் காலக் கிட்டாரில் தேதி இல்லை என்பது மட்டும் குற்றமாகாது.

6. கன்ட்ரோல் முதுகுல 137 6642-ன்னு இருக்கு. அது என்ன நம்பர்?

வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் வட்டமான கன்ட்ரோலைத்தான் கடைக்காரர்கள் 'பாட்' என்பார்கள். முதல் மூன்று இலக்கம் அதைச் செய்த கம்பெனி: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். உங்களுடையது 1966-ல் 42-ஆவது வாரம் செய்தது. 1950-களில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான்: 304731 என்றால் 1957, 31-ஆவது வாரம்.

இந்த நம்பர் ஒரு பக்கம்தான் பேசும். பாட் செய்த வாரத்துக்கு முன் அந்த வயரிங் நடந்திருக்க முடியாது, அவ்வளவுதான். எவ்வளவு காலம் கழித்து நடந்தது என்று அது சொல்லாது. 1966-ல் ஃபெண்டர் ஏராளமான பாட்களை வாங்கிக் குவித்து, அடுத்த இரண்டு மூன்று வருடம் அவற்றையே போட்டது. எனவே 1968 கிட்டாரில் 1966 பாட் இருப்பது சகஜம். 1964 கிட்டாரில் 1966 பாட் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது கிட்டார் 1964 இல்லை.

7. சால்டரிங் பாத்தே சொல்லிடலாம்னு சொல்றாங்க. எப்படி?

எங்களைக் கேட்டால் சீரியல் நம்பரை விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். பாட்டின் முதுகில் வைத்த ஈயத்தைக் கிட்டத்தில் பாருங்கள். பழைய ஈயம் மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். அதைச் சுற்றி ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்டத் தடவும் பசை) காய்ந்து வெல்லப்பாகு நிறத்தில் ஒரு வளையம் பிடித்திருக்கும், அதன்மேல் தூசி ஒட்டியிருக்கும். பிறகு யாராவது சூடு வைத்திருந்தால் அந்த வளையம் உருகிக் கலைந்து, ஈயம் கண்ணாடி போல் மின்னும். பக்கத்திலேயே பழைய சாம்பல் பொட்டு ஒன்று மீந்திருந்தால், முன்பு அங்கே இருந்த வயரை எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

வயரையும் பாருங்கள். 1960-களின் கடைசி வரை ஃபெண்டர் போட்டது துணி உறை போட்ட வயர், பிறகு பிளாஸ்டிக். துணி உறை நுனியில் பழுப்பேறிக் கருகியிருந்தால் பிரச்சினை இல்லை. துணி வயர் பாதியில் நின்று, அதோடு பிளாஸ்டிக் வயர் முறுக்கி டேப் சுற்றியிருந்தால் பிக்கப் வெளியே போய் வந்திருக்கிறது. நம் ஊரில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடையில் கொடுத்துச் சரிசெய்த கிட்டார்கள் நிறைய. அவர்கள் ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை, சத்தம் வரவேண்டும் என்று செய்தார்கள். ஜாக் (கேபிள் சொருகும் இடம்) மட்டும் மாறியிருந்தால் விலையில் பெரிதாக ஒன்றும் குறையாது.

8. பிக்கப் ஒரிஜினலான்னு மல்டிமீட்டர் வெச்சா தெரியுமா?

உயிரோடு இருக்கிறதா என்று தெரியும், ஓரளவு வகையும் தெரியும். கேபிளைச் சொருகி, குமிழ்களை முழுவதும் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உறைக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். பிரசிஷன் பிக்கப் பத்து முதல் பதினொன்று கிலோ ஓம் அருகே காட்டும். ஜாஸில் ஒரு வால்யூமை முழுவதும் மூடினால் மற்ற பிக்கப் ஏழு முதல் எட்டு கிலோ ஓம் காட்டும், இரண்டையும் திறந்தால் அதில் பாதிதான் வரும். பிரசிஷனில் சட்டென்று 250 கிலோ ஓம் காட்டினால் பிக்கப் கம்பி அறுந்துவிட்டது, நீங்கள் அளப்பது பாட்டை மட்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 7.2 காட்டிய பிக்கப், மே மாதம் வேலூரில் 40 டிகிரி வெயிலில் 7.75 காட்டும். வெளிநாட்டில் அளந்த கணக்கை வைத்துக்கொண்டு "அதிகமா காட்டுது, ரீவைண்ட் பண்ணியிருக்காங்க (கம்பியைப் புதுசா சுத்தியிருக்காங்க)" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரிஜினலா என்பதற்கு மீட்டர் போதாது. பிக்கப்பின் அடித்தகடு, வயர், அது உட்காரும் பள்ளத்தில் தூசி படிந்த விதம் ஆகிய மூன்றும் வேண்டும். அடித்தகடு 1964 வாக்கில்தான் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. 1962 என்று விற்கும் கிட்டாரில் சாம்பல் தகடு இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

9. பெயின்ட் பழசா, திரும்ப அடிச்சதா? ஃபோட்டோல எப்படித் தெரியும்?

1967-68 வரை ஃபெண்டர் அடித்தது நைட்ரோ லாக்கர். மெல்லிசாக இருக்கும், வருடம் போகப் போக முடி போன்ற வெடிப்புகள் விழும், தேய்ந்த இடத்தில் மரத்தோடு வழுவழுப்பாகக் கலந்துவிடும். அதன் பிறகு வந்தது பாலியஸ்டர். கண்ணாடித் தகடு போலக் கனமாக இருக்கும், அடிபட்டால் சில்லாகப் பெயரும். "1963, ஒரிஜினல் பெயின்ட்" என்ற கிட்டாரில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் கதை முடிந்தது.

1964 வாக்கு வரை பாடியைச் சின்ன ஆணிகளின்மேல் நிறுத்தி ஸ்ப்ரே செய்தார்கள். காய்ந்தபின் ஆணியைப் பிடுங்கினார்கள். அந்த ஓட்டைகளில் ஒன்றிரண்டு பிக்கார்டுக்குக் கீழே இருக்கும், உள்ளே பெயின்ட் இருக்காது, வெறும் மரம் தெரியும். ஓட்டைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தாலோ, பட்டி வைத்து அடைத்திருந்தாலோ, ஓட்டையே இல்லாவிட்டாலோ திரும்ப அடித்தது. நம் பக்கம் ரீபெயின்ட் என்றால் பெரும்பாலும் கார் டிங்கரிங் ஷெட்டில்தான். பட்டி போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே கார் பெயின்ட். பிக்கப் பள்ளத்தின் மூலையில் சாம்பல் பிரைமரோ பட்டியின் மிச்சமோ கட்டாயம் இருக்கும், அந்த மூலைகளை யாரும் துடைப்பதில்லை.

நேரில் பார்க்கும்போது கள்ள நோட்டுப் பார்க்கும் யூவி டார்ச் ஒன்று போதும். இருட்டறையில் அடித்தால் பழைய நைட்ரோ மஞ்சள் பச்சையாக ஒளிரும், பிறகு டச்-அப் செய்த இடம் திட்டாக இருண்டு தெரியும். தின்னரைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யாதீர்கள். நைட்ரோவாக இருந்தால் நீங்கள் கெடுத்தது ஒரிஜினல் பெயின்ட்.

10. தேய்மானம் நல்லா இருக்கு, அதனால பழசுதானே?

புதுக் கிட்டாரைத் தேய்த்துப் பழசாக்கி விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது, கம்பெனிகளே அப்படிச் செய்து விற்கின்றன. நிஜத் தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும். வலது முன்கை உரசும் மேல் விளிம்பு, பெல்ட் பக்கிள் படும் முதுகு, கட்டை விரல் ஊன்றும் இடம், வியர்வை இறங்கும் பிரிட்ஜ் ஸ்க்ரூ. யார் உடம்பும் படாத கீழ் மூலை மட்டும் அழகாகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. பாடி பாதி மரமாகியும் ஃபிரெட்டில் பள்ளமே இல்லையென்றால் ஃபிரெட் மாற்றினீர்களா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

11. எக்ஸ்ட்ரா ஓட்டை இருந்தா என்ன அர்த்தம்?

ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பாகம் இருந்திருக்க வேண்டும். பிரிட்ஜுக்கும் பிக்கப்புக்கும் மேலே இரும்பு மூடி போட்டுத்தான் அந்தக் காலத்தில் விற்றார்கள். அதன் ஓட்டைகள் வெறுமையாக இருப்பது நல்ல அறிகுறிதான். விரல் ஊன்றும் கட்டை 1974 வாக்கு வரை மெல்லிய ஜி கம்பிப் பக்கம் இருந்தது, பிறகு கனமான ஈ கம்பிப் பக்கம் போனது. 1970 என்று சொல்லும் கிட்டாரில் அது ஈ பக்கம் மட்டும் இருந்தால் பிக்கார்டு பிற்காலத்தது, அல்லது யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள்.

கவலைப்பட வேண்டியவை: தலையின் பின்பக்கம் கீ அடியில் அடைத்த ஓட்டைகள் (வேறு கீ மாட்டியிருந்தார்கள்), நெக் பள்ளத்தில் இரட்டை ஓட்டைகள் (நெக் வேறு கிட்டாருடையது), பாடியில் புதிதாக வெட்டிய பிக்கப் பள்ளம். கடைசியதுதான் விலையை அதிகம் சாய்க்கும்.

12. தலைல ஃபெண்டர் ஸ்டிக்கர் பளிச்னு இருக்கு. நல்லதுதானே?

டீகால் எனப்படும் அந்த ஸ்டிக்கரின் நகல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, ஆகவே அதுவே ஒரு சான்று ஆகாது. 1968-க்கு முன் டீகாலை லாக்கருக்கு மேலே ஒட்டினார்கள். நகத்தால் மெல்ல வருடினால் ஓரம் தட்டுப்படும், வருடக்கணக்கில் துடைத்ததில் கொஞ்சம் உரிந்தும் இருக்கும். 1962 என்று சொல்லி, டீகால் தடிமனான வார்னிஷுக்கு அடியில் பத்திரமாக இருந்தால் தலையைத் திரும்பப் பாலிஷ் செய்திருக்கிறார்கள்.

நெக்கைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கம் நடுவில் கரும்பழுப்புக் கோடு ஓடினால் அது டிரஸ் ராடை (நெக் வளையாமல் உள்ளே ஓடும் இரும்புக் கம்பி) பின்னாலிருந்து செலுத்திய நெக். 1960-களில் ரோஸ்வுட் பலகை ஒட்டிய ஃபெண்டர் நெக்கில் அந்தக் கோடு கிடையாது. ரோஸ்வுட் பலகையும் பின்கோடும் சேர்ந்து 1963 என்று விற்கப்பட்டால் அந்த நெக் பிற்காலத்தது.

13. தலைலயே '62'ன்னு போட்டிருக்கு, ஜேவி நம்பரும் இருக்கு. 62 மாடல்னு சொல்றாரு.

மாடல் 62, செய்தது 1980-கள். ஃபெண்டர் ஜப்பான் 1982-ல் தொடங்கியது. 'ஜேவி' என்று ஆரம்பிக்கும் நம்பர்கள் 1982 முதல் 1984 வரை. அமெரிக்காவிலும் 1982-லிருந்து 62 மாடலைத் திரும்பச் செய்தார்கள், அதில் நம்பர் 'வி' என்று ஆரம்பிக்கும்.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று அவசரப்பட வேண்டாம், பலருக்கு உண்மையாகவே தெரியாது. ஜேவி கிட்டார்கள் அருமையான வேலைப்பாடு, அவற்றுக்கென்று தனி மதிப்பும் உண்டு. ஆனால் 1962-ன் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

14. ஜாஸ் பேஸ் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறிச்சாமே?

ஆமாம், அதனால்தான் ஃபோட்டோவிலேயே பாதி தெரிந்துவிடும். 1960-ல் வந்தபோது ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் இரட்டைக் குமிழ்கள். 1962-ல் மூன்று தனிக் குமிழ்கள். 1965 கடைசியில் நெக் ஓரத்தில் வெள்ளை பைண்டிங் (ஓரப்பட்டை), 1966-ல் விரல் பலகையில் புள்ளிக்குப் பதில் சதுரக் கட்டங்கள். 1970-களின் தொடக்கத்தில் பின் பிக்கப் பிரிட்ஜை நோக்கிச் சுமார் 10 மி.மீ. நகர்ந்தது. 1975 வாக்கில் நெக்கில் நாலு ஸ்க்ரூ மூன்றாகி, டிரஸ் ராடின் முனை குண்டு வடிவில் தலைப்பக்கம் வந்தது. பிரசிஷனுக்கு நாலு ஸ்க்ரூ மாறவேயில்லை. மூன்று ஸ்க்ரூ பாடியில் நாலு ஸ்க்ரூ நெக் இருந்தால் கேள்வி 11-ல் சொன்ன இரட்டை ஓட்டைகளைத் தேடுங்கள்.

15. ரிக்கன்பேக்கர், ஐபனேஸ் எல்லாம் எப்படி?

ரிக்கன்பேக்கர் இன்னொரு அமெரிக்கக் கம்பெனி, அதில் நம்பர் ஜாக் தகட்டில் இருக்கும். 1961 முதல் 1986 வரை முதல் எழுத்து வருடம் ('ஏ' 1961), இரண்டாவது மாதம் ('ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர்). அந்தத் தகடும் கழலும் என்பதை மறக்க வேண்டாம். ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பைண்டிங் 1970-களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஜப்பான் கம்பெனியான ஐபனேஸில் 1975-க்குப் பின் ஒரு எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்: 'பி78' என்றால் 1978 பிப்ரவரி. எங்கள் கணிப்பில், கைக்காசுக்கு நல்ல பழைய பேஸ் தேடுபவர்கள் எழுபதுகளின் ஜப்பான் கிட்டார்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போலி செய்யும் அளவுக்கு அவற்றின் விலை இன்னும் ஏறவில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. கிவ்சன் என்பது இந்திய கம்பெனி, கிப்சன் அமெரிக்கா. மங்கலான படத்தில் ஒரு எழுத்து வித்தியாசம் தெரியாது. தலையைக் கிட்டத்தில் எடுத்த படம் வாங்குங்கள்.

16. ஜோலார்பேட்டை ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியன் குடும்பத்து கிட்டார், ஆஸ்திரேலியா போகும்போது விட்டுட்டுப் போனாங்களாம். நம்பலாமா?

நடந்திருக்கக்கூடிய கதைதான். ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தார்கள், வீட்டுக்கு வீடு கிட்டார் இருந்தது, பலர் வெளிநாடு போனார்கள். ஆனால் கதை எந்த ஸ்க்ரூவுக்கும் சாட்சி ஆகாது. அந்தக் கிட்டாரைப் பிடித்து யாராவது நிற்கும் பழைய ஃபோட்டோ இருக்கிறதா, வாங்கிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபோட்டோ இருந்தால் மரத்தின் ரேகை ஓட்டத்தையும் பிக்கார்டின் புள்ளி வடிவத்தையும் ஒப்பிடலாம், இரண்டும் கைரேகை மாதிரி. இல்லாவிட்டால் கதையை ரசித்துவிட்டு, கேள்வி 3-ல் சொன்ன ஐந்து படங்களைக் கேளுங்கள்.

17. பாகம் மாத்தியிருந்தா எவ்ளோ குறைச்சுக் கேக்கலாம்?

திரும்பப் பெயின்ட் அடித்திருந்தால் பாதி விலை என்பது உலகம் முழுக்க வியாபாரிகள் கையாளும் பொதுக் கணக்கு. புதுப் பிக்கப் பள்ளம் வெட்டியிருந்தால் அதைவிடக் கீழே. நெக் வேறு கிட்டாருடையது என்றால் பாடியும் நெக்கும் தனித்தனியாக என்ன விலை போகுமோ அதுதான், கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள். ஃபிரெட், நட், ஜாக் மாறியிருந்தால் பெரிதாகக் குறையாது, அவை தேயும் பாகங்கள். மாற்றிய பாகத்தின் பழைய ஜோடியை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள்.

18. சர்ச்ல ஞாயித்துக்கிழமை வாசிக்கத்தான். எனக்கு இதெல்லாம் தேவையா?

வாசிக்க மட்டும் என்றால் முழு ஒரிஜினலைத் தேடாதீர்கள். ரீபெயின்ட் ஆன, கீ மாறிய, நெக் நேராக இருக்கும் கிட்டார் உங்களுக்குத்தான். மற்றவர் ஒதுக்குவதால் விலை குறைவு, சத்தத்தில் குறை இருக்காது. நீங்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது, ரீபெயின்ட் கிட்டாருக்கு ஒரிஜினல் விலை கொடுத்துவிடாமல் இருக்க.

19. நேர்ல பாக்கப் போறேன். என்ன எடுத்துட்டுப் போகட்டும்?

2 நம்பர், 1 நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், யூவி டார்ச், அளவு டேப், ஒரு விசிட்டிங் கார்டு, உங்கள் கேபிள். முதலில் நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரை அளங்கள், பிரசிஷனும் ஜாஸும் 432 மி.மீ. காட்ட வேண்டும். அடுத்து நெக். ஜி கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 8-ஆவது ஃபிரெட்டில் கார்டைச் சொருகுங்கள். உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் நெக் வளைந்திருக்கிறது. டிரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா என்று கேளுங்கள். எல்லை வரை முடுக்கிவிட்டிருந்தால் அது ஒரிஜினல் என்பதால் பயனில்லை, பெரிய ரிப்பேர் செலவு வரும். அதன் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ காட்பாடிக்குக் கொண்டுவரும்போது கம்பியை அரைச் சுற்று தளர்த்தி, கையோடு ஏசி பெட்டியில் எடுத்து வாருங்கள். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் அரை மணி நேரம் வைத்தால் நேராக இருந்த நெக்கும் வளையும், பழைய பசையும் இளகும்.

20. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா மரத்துக்குத் தடை இருக்காமே?

1960-களின் நடுப்பகுதி வரை பல கிட்டார்களில் விரல் பலகை பிரேசில் ரோஸ்வுட். அது 1992-லிருந்து, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களையும் மரங்களையும் நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய கிட்டாராக இருந்தாலும் தாள் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது, கஸ்டம்ஸில் பறிமுதல் ஆகலாம். பிற்காலத்தில் ஃபெண்டர் போட்டது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். அந்த வகைக்கு, செய்து முடித்த இசைக்கருவியாக இருந்தால் 2019 முதல் விலக்கு உண்டு. விற்பவரிடம் பலகை எந்த மரம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏற்றுமதித் தாள் அவர் பொறுப்பு என்று பணம் போடும்முன் பேசி முடியுங்கள்.

21. நெக் 1964, பாட் 1964, தகடு எல்-சீரியல், எல்லாமே சரியா பொருந்துது. இனி சந்தேகமே வேணாம்ல?

இன்னும் ஒரு படி இருக்கிறது. நல்ல விவரம் தெரிந்தவர்கள் 1964-ன் பாகங்களையே தேடிப் பிடித்து ஒரு கிட்டாராகச் சேர்ப்பதும் உண்டு. ஒவ்வொன்றும் நிஜம், சேர்ந்து பிறந்தவை மட்டும் அல்ல. தேதிகள் இதைக் காட்டிக்கொடுக்காது, ஒன்றின்மேல் ஒன்று பதித்த தடங்கள்தான் காட்டும். நெக் அடியின் நிறமும் பள்ளத்தின் நிறமும் ஒத்துப் போகிறதா? தகட்டின் விளிம்பு பாடியின் பெயின்டில் பதித்த கோடு, இப்போது இருக்கும் தகட்டோடு சரியாக உட்கார்கிறதா? பிக்கார்டுக்கு அடியில் வெயில் படாமல் நிறம் மாறாத பகுதி, இப்போதைய பிக்கார்டின் வடிவத்தை மில்லிமீட்டர் பிசகாமல் பின்பற்றுகிறதா? பழைய பிக்கார்டு வருடக்கணக்கில் சுருங்கும், எனவே நிழல் பிக்கார்டை விட ஒரு நூல் பெரிதாக இருப்பது சரி. நிழலைவிட பிக்கார்டு பெரிதாக இருந்தால் அது பிறகு வந்தது.

இந்தத் தடங்களைப் படம் எடுக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் கோடு எதுவும் தெரியாது.